இரப்பர்ச் சக்கரமும் இரண்டாம் விதைப்பும்

நம் நாட்டில் எந்த மாதத்திலும் கீரை விதைக்கலாம். அமெரிக்காவின் வட மாநிலங்களில் அப்படி முடியாது. அங்கே கோடை கழிந்து இலையுதிர் காலம் வந்தால் உறைபனி விழும். தக்காளியும் பீன்சும் ஓர் இரவில் கருகிவிடும். ஆகவே அந்நாட்டுக் குடியானவர்கள், முதல் உறைபனி எப்போது விழும் என்று கணக்கிட்டு, அதிலிருந்து பின்னோக்கி நாளெண்ணி, கோடையிலேயே இரண்டாம் விதைப்பை முடிப்பார்கள். முட்டைக்கோஸ், டர்னிப், கேரட் முதலியவை குளிரைத் தாங்கும். குளிர் பட்ட கேரட் இன்னும் இனிக்கும். அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதே காரணம்.

இந்த வேலையில் நாள் தவறினால் விளைச்சல் இல்லை. முதல் போகம் எடுத்த நிலமோ வெயிலில் இறுகிக் கிடக்கும். குதிரைகளுக்கு அறுவடை வேலையே சரியாயிருக்கும். இங்கேதான் டிராக்டர் கைகொடுத்தது. 1917இல் ஃபோர்ட்சன் வந்தது. 1924இல் வந்த ஃபார்மால், செடி வரிசைகளுக்கிடையே புகுந்து களையும் எடுத்தது. ஆனால் சக்கரங்கள் இரும்பு. அவற்றில் பல் பல்லாக முளைகள். ஓட்டுபவரின் முதுகெலும்பை உலுக்கிவிடும். தார்ச்சாலையில் ஏறினால் சாலை பாழ்.

1932இல் அல்லிஸ்-சால்மர்ஸ் நிறுவனம், ஃபயர்ஸ்டோனின் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரங்களை டிராக்டரில் பூட்டியது. மறு ஆண்டு பந்தய வீரர் பார்னி ஓல்ட்ஃபீல்ட் அதை மணிக்கு 64 மைல் வேகத்தில் ஓட்டிக் காட்டினார். எந்த முட்டைக்கோசும் அந்த வேகத்தைக் கேட்கவில்லை! ஆனாலும் குடியானவர்களின் சந்தேகம் தீர்ந்தது. எண்ணெய்ச் செலவு குறைந்தது. சாலை வழியாகத் தொலைவிலுள்ள நிலத்துக்கும் போக முடிந்தது. 1940க்குள் புதிய டிராக்டர்களில் பெரும்பாலானவை இரப்பரில் ஓடின.

அந்த இரப்பர் எங்கிருந்து போனது? உலகில் மிகுதியாக இரப்பர் விளைவித்தது மலாயா. மிகுதியாக வாங்கியது அமெரிக்கா. விடியுமுன் பால் வெட்டப் போன நம் பாட்டன் பாட்டிமார்கள், பால் நிறுத்துத் திரும்பிய பிறகு, லயத்துப் பின்புறம் மண்வெட்டியால்தான் பாத்தி கட்டினார்கள். குடும்பமுள்ள தொழிலாளிக்கு 1/16 ஏக்கர் ஒதுக்க வேண்டும் என்று ஐக்கிய மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூறியது. எழுதியதெல்லாம் லயத்து வாசலுக்கு வந்ததா என்பது வேறு கதை.

1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் இரப்பர்க் கப்பல்கள் நின்றன. அமெரிக்காவில் புதிய டிராக்டர்கள் பல மீண்டும் இரும்புச் சக்கரத்தோடு வெளிவந்தன. அங்கே 1943இல் ஏறத்தாழ 2 கோடி வீட்டுத் தோட்டங்கள் போடப்பட்டன. 'வெற்றித் தோட்டம்' என்று அவற்றுக்குப் பெயர்.

இங்கோ இரப்பரை வாங்க ஆளில்லை, அரிசியும் இல்லை. தோட்டத்து ஆண்கள் பலரைச் சயாம் இரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவர்களில் திரும்பி வராதவர்கள் ஆயிரமாயிரம். எஞ்சிய பெண்களும் பிள்ளைகளும் மண்ணைக் கொத்தி மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். மரவள்ளியில் கிழங்கு முற்றும்வரை காத்திருக்க முடியாத வீடுகளில், அதன் கொழுந்தைப் பறித்து நன்றாக வேகவைத்துக் கீரையாகச் சாப்பிட்டார்கள்.