சைக்கிளுக்கு ஓர் இடம்

ரயிலில் மனிதனுக்கு இடம் கிடைப்பதே பெரும்பாடு. இந்த லட்சணத்தில், தன் சைக்கிளுக்கு இடம் கிடைக்கவில்லை என்று ஒருவன் நாலு பக்கம் கடிதம் எழுதினால், படிக்கிறவருக்குச் சிரிப்பு வருமா, வராதா? எனக்கு வந்தது.

எழுதியவன் என் தமக்கை மகன். ஐரோப்பாவில் உத்தியோகம் பார்க்கிறான். கோடை விடுமுறையில் அவனும் அவன் மனைவியும் ஒரு நதிக்கரை ஓரமாகவே சைக்கிளில் நூறு மைல் போய் வருவதென்று தீர்மானித்தார்கள். நதிக்கரை ஊர் வரையில் ரயிலில் போக வேண்டும். ரயிலில் ஆசனங்கள் வேண்டிய மட்டும் காலியாக இருந்தனவாம். ஆனால் சைக்கிளுக்கு இடமில்லை!

“மாமா, எங்களுக்கு இடம் உண்டு, எங்கள் வண்டிகளுக்கு இல்லை. ஆகையால் பிரயாணத்தை மூன்று நாள் தள்ளிப் போட்டுவிட்டோம். இப்போது எங்கள் கையில் நாலு டிக்கெட்டுகள் இருக்கின்றன. சைக்கிள் டிக்கெட்டிலும் பெட்டி எண், இட எண் எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருக்கிறது!” என்று எழுதியிருந்தான்.

சிரித்துவிட்டுக் கடிதத்தை மடித்து வைத்தேன். ஆனால் அந்த இட எண் மனத்தை விட்டுப் போகவில்லை. ஆசனங்கள் காலியாகக் கிடக்க, இரண்டு சக்கரம் நிற்க இடமின்றி ஒரு பிரயாணமே நின்று போகிறது என்றால், அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கத்தானே வேண்டும்? தேடிப் பார்த்தேன். இருந்தது. நாம் எதிர்பார்ப்பதைக் காட்டிலும் சுவாரஸ்யமான சரித்திரம்தான்.

சைக்கிளும் ரயிலும் அநேகமாக ஒரே தலைமுறையில் பிறந்தவை. பொதுமக்களுக்கான நீராவி ரயிலை வைத்துப் பார்த்தால் சைக்கிள்தான் மூத்தது. 1817-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி, ஜெர்மனியிலுள்ள மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர், மரத்தால் செய்த இருசக்கர வண்டி ஒன்றில் உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திச் சென்றார். அதற்குப் பெடல் கிடையாது, சங்கிலி கிடையாது. எட்டு வருஷம் கழித்து, 1825-இல், இங்கிலாந்தில் ஸ்டாக்டனுக்கும் டார்லிங்டனுக்கும் இடையே நீராவி ரயில் ஓடிற்று. ஆக, சைக்கிள் அண்ணன், ரயில் தம்பி.

தம்பி மளமளவென்று வளர்ந்துவிட்டான். அண்ணனோ வெகு காலம் தட்டுத் தடுமாறிக்கொண்டிருந்தான். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் அநேகமாக ஒரே அளவுள்ள இரண்டு சக்கரமும் சங்கிலியும் வைத்து ‘ரோவர்’ சைக்கிளைச் செய்தார். 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் டன்லப் என்ற மிருக வைத்தியர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். அதற்குப் பிறகுதான் சாதாரண மனிதர்கள் பல் உடையாமல் சைக்கிளில் ஏறி இறங்க முடிந்தது. அப்போது தம்பி இங்கிலாந்து முழுவதையும் வலம் வந்துகொண்டிருந்தான். களைத்த அண்ணனைத் தம்பி முதுகில் சுமந்து செல்லும் காலம் வந்தது.

வாரத்தில் ஆறு நாள் ஆபீஸில் கணக்கு எழுதும் குமாஸ்தாவை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவனுக்குச் சொந்தம். லண்டன் புகைக்குள்ளிருந்து சைக்கிளை மிதித்து வெளியே வருவதற்குள் பாதி நாள் போய்விடும். ரயிலில் சைக்கிளை ஏற்றி நாற்பது மைல் தள்ளி இறங்கினால், நாள் முழுவதும் பச்சை வயல்தான்! ரயில் தூரத்தைக் கொடுத்தது. சைக்கிள் திசையைக் கொடுத்தது. தண்டவாளம் போகாத கிராமத்துக்கும் அவன் போக முடிந்தது.

சைக்கிளை எங்கே ஏற்றினார்கள்? நம் ஊர் ரயில்களின் பிரேக் வானைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பார்சல் ஆபீஸில் பதிவு செய்து, சாக்குச் சுற்றி, சீட்டுக் கட்டிய சைக்கிள் ஒன்று மூட்டை முடிச்சுகளோடு சாய்ந்திருக்குமே, அதே இடந்தான். அங்கே அதைக் கார்டு வண்டி என்பார்கள். ஆதியில் அந்த வண்டி இருந்ததற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, கார்டு அதிலிருந்து கைப்பிரேக்கைத் திருகி ரயிலை நிறுத்த உதவ வேண்டும் என்பது. 1889-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி, அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊரருகே, பிரேக் பிடிக்காத பெட்டிகள் சரிவில் பின்னோக்கி ஓடி, சுமார் 80 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் உல்லாசப் பிரயாணம் புறப்பட்டவர்கள், பலர் குழந்தைகள். அதே வருஷம், பிரயாணி ரயிலின் எல்லாப் பெட்டிகளிலும் தானே இயங்கும் பிரேக் வேண்டும் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்தது. கார்டின் கைப்பிரேக்குக்கு அதன் பிறகு பழைய அவசியம் இல்லை. ஆயினும் வண்டி நிலைத்தது. தபால் மூட்டை, பத்திரிகைக் கட்டு, கூடை, பெட்டி, இவற்றுக்கிடையே சைக்கிளுக்கும் ஒரு மூலை கிடைத்தது.

முன்பதிவு என்பது யாருக்கும் தோன்றவில்லை. இடம் தாராளமாக இருக்கும்போது எண் எதற்கு? ஆனால் காசு மட்டும் உண்டு. மைல் கணக்குப் பார்த்துக் கட்டணம். உடைந்தால் சொந்தக்காரர் பாடு. 1878-இல் ஹாரோகேட் நகரில் தொடங்கிய சைக்கிள் யாத்திரைச் சங்கத்தார், ரயில் கம்பெனிகளோடு இது விஷயமாக மல்லுக்கு நின்றார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் அடிப்படை ஒரே கேள்விதான்: சைக்கிள் என்பது பிரயாணியின் மூட்டையா, அல்லது தனிச் சரக்கா?

இந்தக் கேள்விக்குச் சட்டமாகவே விடை சொன்னது அமெரிக்காவிலுள்ள நியூயார்க் ராஜ்யம். 1896-இல் ‘ஆர்ம்ஸ்ட்ராங் சட்டம்’ என்று வழங்கிய சட்டம் நிறைவேறிற்று. சைக்கிள் பிரயாணியின் மூட்டையே. மற்ற மூட்டைகளைப் போல அதையும் இலவசமாக ஏற்ற வேண்டும். அதைக் கூட்டில் அடைக்கும்படியோ துணி போட்டு மூடும்படியோ பிரயாணியைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆனால் ஆளுக்கு ஒரு சைக்கிள்தான். எவ்வளவு தெளிவான சட்டம், பாருங்கள்!

அதே வருஷம், அதே நியூயார்க்கில், மாதர் வாக்குரிமைக்காகப் போராடிய சூஸன் அந்தோனி அம்மையார் ஒரு தினசரிக்குப் பேட்டி அளித்தார். பெண்களின் விடுதலைக்கு உலகத்தில் வேறு எதையும் விட சைக்கிள்தான் அதிகம் செய்திருக்கிறது என்பது அவர் அபிப்பிராயம். துணைக்கு ஆள் இல்லாமல், வண்டி பூட்டச் சொல்லி அப்பாவிடமோ கணவனிடமோ கேட்காமல், ஒரு பெண் தானே புறப்படலாம் என்ற அதிசயம் அப்போது புதியது. அவளுடைய சைக்கிளை ரயில் ஏற்றிக்கொண்டால் அவள் உலகம் நூறு மைல் விரியும். மறுத்தால், தெருக்கோடியோடு சரி. சைக்கிளுக்கு இடம் என்பது சைக்கிளைப் பற்றிய விஷயமே அல்ல என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இங்கே ஒரு கசப்பான செய்தியையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்டது 1880-இல் தோன்றிய அமெரிக்கச் சைக்கிள்காரர் சங்கம். 1898-இல் அதற்கு ஒரு லட்சத்துக்கு மேல் அங்கத்தினர்கள். ஆனால் 1894-இலேயே அந்தச் சங்கம், வெள்ளையர் அல்லாதார் இனி அங்கத்தினராகக் கூடாது என்று விதி செய்திருந்தது. ரயிலில் தங்கள் சைக்கிளுக்கு இடம் கேட்டு வாதாடியவர்கள், தங்கள் சங்கத்தில் சக மனிதனுக்கு இடம் கொடுக்கவில்லை! பின்னால் வந்தவர்கள் 1999-இல் தான் அந்த விதியைப் பகிரங்கமாக நிராகரித்தார்கள். இடம் கேட்பது சுலபம். இடம் கொடுப்பதுதான் கஷ்டம்.

பிறகு மோட்டார் வந்தது. லாரிகளும் வந்தன. தபாலும் பத்திரிகையும் பார்சலும் ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தை விட்டுச் சாலைக்கு இறங்கின. கார்டு வண்டியில் சைக்கிளுக்குத் துணையாக இருந்தவை எல்லாம் போய்விட்டன. தனியாக நின்ற சைக்கிளைப் பார்த்துக் கணக்குப் பிள்ளைகள் யோசிக்கலானார்கள்: “இந்த இடத்தில் எத்தனை ஆசனம் போடலாம்?”

வேகத்தின் மீது பழி போடுவது நியாயம் ஆகாது. பிரிட்டனில் 1976-இல் ஓடத் தொடங்கிய ரயில் மணிக்கு 125 மைல் வேகம் போயிற்று. ஆயினும் சாமான் வைக்கும் அறை அதில் இருந்தது. குறை வேகத்தில் இல்லை, கணக்கில்தான். 1981 செப்டம்பரில் பாரிஸுக்கும் லியோனுக்கும் இடையே பிரான்ஸின் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியது. 1991 ஜூனில் ஜெர்மனியின் அதிவேக ரயில் வந்தது. வழவழப்பான ரயில்கள், அழகுக்குக் குறைவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவன்தான் பிளாட்பாரத்தில் நின்றான். பிரான்ஸில் பல அதிவேக ரயில்களில் வெகு காலம் இருந்த விதி என்ன தெரியுமா? சைக்கிளைக் கழற்றி, 120 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலத்துக்கு மேற்படாத பையில் போட்டுக் கொண்டுவரலாம்! மூடும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்று நியூயார்க்கில் 1896-இல் எழுதி வைத்ததை நினைத்துக்கொண்டேன். சக்கரம் வேறு, ஹேண்டில்பார் வேறாகப் பைக்குள் கிடக்கும் சைக்கிள், மூட்டைதான், சைக்கிள் அல்ல.

மெதுவான நீண்டதூர ரயில்கள் சிலவற்றில் இடம் மிஞ்சியிருந்தது. ஆனால் கொஞ்சந்தான். கொஞ்சமாக இருக்கும் பொருளுக்குத்தானே வரிசை வேண்டும், எண் வேண்டும், முன்பதிவு வேண்டும்? இப்படித்தான் சைக்கிள் டிக்கெட்டில் இட எண் வந்து உட்கார்ந்தது. தாராளம் போன இடத்தில் பிறந்த குழந்தை அது.

2007-இல் ஐரோப்பிய யூனியன் ரயில் பிரயாணிகளின் உரிமை பற்றி ஒரு சட்டம் செய்தது. சைக்கிளை ரயிலில் கொண்டுபோக அனுமதிக்க வேண்டும் என்றது. எப்போது? சைக்கிள் கையாள எளிதாக இருந்தால். ரயில் சேவைக்குப் பாதகம் வராதிருந்தால். வண்டியின் அமைப்பு இடம் கொடுத்தால். மூன்று ‘ஆல்’! மூன்று ஆல் நின்றும் நிழல் விழவில்லை. வண்டியைக் கட்டும்போதே இடம் வைக்காமல் கட்டிவிட்டு, வண்டி இடம் கொடுக்கவில்லை என்று கையை விரித்தால் யார் என்ன செய்ய முடியும்?

சைக்கிள்காரர்கள் விடவில்லை. மனுப் போட்டார்கள், வாதாடினார்கள். காலமும் கொஞ்சம் திரும்பிற்று. 2017 டிசம்பரில் ஜெர்மனியின் புதிய அதிவேக ரயில் ஓடத் தொடங்கியபோது, 12 பெட்டிகளில் 830 ஆசனங்களோடு 8 சைக்கிள்களுக்கும் இடம் வைத்திருந்தார்கள். பிரான்ஸ் 2021 ஜனவரியில், குறிப்பிட்ட வகைப் புது ரயில்களில் கழற்றாத சைக்கிள் 8-க்கு இடம் வேண்டும் என்று உத்தரவு போட்டது. அதே வருஷம் ஏப்ரலில் ஐரோப்பிய யூனியன் பழைய சட்டத்தைத் திருத்தி எழுதிற்று. புதிதாக வாங்க முற்படும் ரயில்களிலும், பெரிய அளவில் புதுப்பிக்கும் ரயில்களிலும் போதுமான இடம் வேண்டும். நாடோ கம்பெனியோ வேறு திட்டம் வகுக்காவிட்டால் ரயிலுக்குக் குறைந்தது 4 சைக்கிளுக்கு இடம் வைத்தே தீரவேண்டும். 2025 ஜூன் 7 முதல் இந்த விதி அமுலுக்கு வந்தது.

நாலு சைக்கிள்! இருநூறு வருஷச் சரித்திரத்துக்குப் பிறகு நாலே நாலா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றிற்று. ஆனால் அந்தச் சட்டத்தில் வேறொரு வாசகம் இருக்கிறது. சைக்கிளுக்கு முன்பதிவு செய்தவரிடம் தக்க காரணமின்றி அதை ஏற்ற மறுத்தால், அவருக்கு மாற்று வழியில் பிரயாணமோ, பணமோ திருப்பித் தர வேண்டும். நஷ்ட ஈடும் கேட்கலாம். பழைய கார்டு நல்லவர்தான். மனம் வைத்தால் இருபது சைக்கிளையும் ஏற்றிவிடுவார். மனம் வைக்காவிட்டால்? விசில் ஊதிவிட்டுப் போய்விடுவார். அது தயவு. இப்போது சைக்கிள்காரன் கையில் இருப்பது வாக்கு. தயவு பெரிதாக இருக்கலாம். ஆனால் அதைக் கேட்டு வாங்க முடியாது. வாக்கு சிறிதானாலும் கேட்டு வாங்கலாம்.

ஆனாலும் வாக்கோடு திருப்தியடைந்து இருந்துவிடலாகாது. மூன்று வாரம் முன்னதாகத் திட்டம் போடக்கூடியவனுக்கு இட எண் கிடைக்கும். சனிக்கிழமை சாயங்காலம்தான் மறுநாள் லீவு என்று தெரிந்துகொள்ளும் தொழிலாளிக்கு? அந்தப் பழைய லண்டன் குமாஸ்தாவுக்கு? நாலு இடம் என்பது நாலு பேருக்கு உரிமை. ஐந்தாவது ஆளுக்கு அது மூடிய கதவுதான்.

நம் நாட்டிலும் 2019-இல் வந்தே பாரத் ரயில் ஓடத் தொடங்கியது. அழகான ரயில், வேகமான ரயில். அதில் சாமான் பதிவு செய்து ஏற்றும் வண்டி கிடையாது. பழைய எக்ஸ்பிரஸ்களில் இருக்கிறது. அங்கே நடந்த கதையின் முதல் அத்தியாயத்தை நாம் இங்கே படித்துக்கொண்டிருக்கிறோமோ என்று தோன்றுகிறது.

தமக்கை மகனுக்குப் பதில் எழுதினேன். “சிரித்ததற்கு மன்னித்துவிடு. அந்த நாலு டிக்கெட்டையும் கிழித்துப் போடாதே. உங்கள் இரண்டு டிக்கெட்டை வேண்டுமானால் எறிந்துவிடு, சைக்கிள் டிக்கெட் இரண்டையும் எனக்கு அனுப்பி வை” என்று கேட்டிருந்தேன்.

போன வாரம் வந்து சேர்ந்தன. என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, “சைக்கிளுக்குக் கூடவா டிக்கெட்?” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நானும் முதலில் சிரித்தவன்தானே!