ரயில் பயணப் பாதுகாப்பு

ரயில் பயணப் பாதுகாப்பு, ஒரு பயணி கடக்கும் தொலைவுக்கு எத்தனை உயிரிழப்பு என்னும் அளவால் மதிப்பிடப்படுகிறது. இந்த அளவில் ரயில், காரையும் இருசக்கர வாகனத்தையும் விடப் பன்மடங்கு பாதுகாப்பானது. காரணம் அதன் அமைப்பிலேயே உள்ளது: தனிப்பாதை, சிக்னல், ஒரு தடத்துண்டில் ஒரு வண்டி மட்டுமே செல்ல விடும் கட்டுப்பாடு ஆகியவை தனிமனிதத் தவறு விபத்தாக மாறாமல் பெரும்பாலும் தடுக்கின்றன. 1964-இல் தொடங்கிய ஜப்பானின் ஷிங்கான்சென் ரயில்களில் மோதலாலோ தடம்புரண்டோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. 2004 நிலநடுக்கத்தில் ஒரு வண்டி தடம்புரண்டபோதும் உயிரிழப்பு ஏற்படவில்லை.

2023 ஜூனில் ஒடிசாவின் பாலசோரில் நடந்த ரயில் விபத்தில் 290-க்கும் மேற்பட்டோர் இறந்ததைச் சுட்டி, ரயில் பாதுகாப்பானது என்பதை மறுப்போர் உண்டு. அந்தத் துயரம் சிக்னல் பராமரிப்பில் நேர்ந்த பிழையின் விளைவு. அதைச் சிறிதாக்கவே கூடாது. ஆயினும் 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். நாளொன்றுக்குச் சராசரியாக 460-க்கும் மேல். ஒரே இடத்தில் நிகழும் பேரிழப்பு செய்தியாகிறது. சிதறி நிகழும் இழப்பு பழகிவிடுகிறது. இதைவிட வலுவான மறுப்பு வேறு: மும்பைப் புறநகர் ரயில்களில் நெரிசலால் தவறி விழுந்தும் தண்டவாளத்தைக் கடக்கும்போதும் பலர் இறக்கின்றனர். இவற்றையும் கணக்கில் சேர்ப்பதே நேர்மை. கூடுதல் ரயில்கள், தானியங்கிக் கதவுகள், நடைமேம்பாலங்கள், கவச் தானியங்கிப் பாதுகாப்பு அமைப்பு ஆகியவை உயிர்களைக் காக்கும்.