கள்ளும் ஆரணியும்: ஒரு புளிப்பான வரலாறு

ஆரணி என்றதும் பட்டு ஞாபகம் வரும், சாப்பாட்டுப் பிரியர்களுக்கு அரிசி. இந்தப் பதிவு கள்ளைப் பற்றியது. குடிமகன்கள் ரொம்ப சந்தோஷப்பட வேண்டாம், இது வரலாறு :-)

பெல்ஜியத்தில் லாம்பிக் என்று ஒரு பீர். ஈஸ்ட் சேர்க்காமல், கொதித்த தானியச் சாற்றைத் திறந்த தொட்டியில் இரவெல்லாம் ஆறவிடுவார்கள். காற்றிலும் மரப்பீப்பாயிலும் இருக்கும் காட்டு நுண்ணுயிர்கள் வந்து புளிக்க வைக்கும். நம்ம கள்ளும் அதே கதைதான். பாளையில் கட்டிய கலயத்தில் ஒட்டிக் கிடக்கும் ஈஸ்ட்டே போதும். உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், இல்லாவிட்டால் கள். லாம்பிக்குக்கு வருஷக்கணக்கு; கள்ளோ காலையில் இனிப்பு, சாயங்காலம் புளிப்பு, விட்டால் காடி.

பாலக்காட்டில் (அங்கே சட்டப்படி கிடைக்கும்) ஒரு முறை ருசித்தேன். முதலில் இளநீர் வாசம், அப்புறம் கனிந்த அன்னாசி மாதிரி புளிப்பு, கடைசியில் நாக்கில் சுருக். கூட வந்த காரமான மீன் கறிக்கு அந்தப் புளிப்பு ரொம்பப் பொருத்தம்.

நம் முன்னோர்களுக்கும் இதே ரசனை! புறநானூறு 177-ஆம் பாட்டில் கள் குடித்துக் கண் சிவந்தவர்கள், புளிப்புக்கு ஆசைப்பட்டுக் களாப்பழமும் துடரிப்பழமும் தின்கிறார்கள். செங்கத்து நன்னனைப் பாடும் மலைபடுகடாம் மூங்கில் குழாயில் விளைந்த தேன் கள்ளைச் சொல்கிறது. ஆரணியும் செங்கமும் இன்று ஒரே மாவட்டம். பக்கத்துக் காஞ்சியை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் செய்முறையே இருக்கிறது: குற்றாத அரிசிக் கூழை ஆற்றி, முளைநெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் வைத்து, விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். முளைகட்டிய தானியம் என்றால் பீர்தானே?

இனி கசப்பான பகுதி. 1937-இல் ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1938-இல் சித்தூர், கடப்பா. 1939-இல் ஆரணி இருந்த வட ஆற்காடு. கள், சாராய வருமானம் போனதை ஈடுகட்டத்தான் அதே 1939-இல் விற்பனை வரி வந்தது. ஆக, நாம் இன்று கடையில் கட்டும் வரிக்கும் கள்ளுக்கும் பங்காளி உறவு. உலகப்போர்க் காலத்தில் மதுவிலக்கு தளர்ந்தது, 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் கடைகள் திறந்தன, கொஞ்ச வருஷத்தில் மூடின, 1981-இல் மறுபடி திறந்தன. 1987-இல் கள்ளும் சாராயமும் மட்டும் தடையாயின.

கூலியைக் கடையிலேயே தொலைத்த ஆண்களால் எத்தனை வீட்டில் உலை கொதிக்கவில்லை என்று யோசித்தால் 1939-இன் நியாயம் புரிகிறது. எனக்குப் புரியாதது 1987-இன் கணக்கு. நாலைந்து சதவீத ஆல்கஹால் உள்ள கள்ளுக்குத் தடை. 40 சதவீதத்துக்கு மேல் உள்ள பிராந்தியை 2003 முதல் அரசே டாஸ்மாக்கில் சில்லறையாக விற்கிறது. இதில் பிழைப்பு போனது மரமேறிகளுக்குத்தான். பனை நம் மாநில மரம் வேறு!

87-க்கு முந்திய கள்ளுக்கடைகளைப் பார்த்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்த மரத்துக் கள், என்ன தொடுகறி என்று கேட்டு எழுதுங்களேன்.