திண்ணையும் மதிலும்

புதிதாக வீடு கட்டுவோர் வரைபடத்தின் முன்புறத்தில் 'சிட்-அவுட்' என்று ஓரிடம் குறித்துக்கொள்வது இன்று வழக்கமாகிவிட்டது. பழைய வீட்டை விரிவாக்குவோரும் முகப்பில் ஒரு கூரை இறக்கி, தளம் போட்டு, இரும்புக் கம்பிக் கதவால் அடைத்துவிடுகின்றனர். இதையே திண்ணை என்று பெருமையோடு சொல்வோரும் உண்டு. ஆனால் திண்ணை ஒருநாளும் கம்பிக்குள் இருந்ததில்லை.

வீட்டு முகப்பின் வரலாற்றை அறியப் புதுச்சேரியைவிடச் சிறந்த ஊர் அரிது. நகரின் நடுவே ஓடும் கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த பகுதி. மேற்கே தமிழர் பகுதி. கிழக்கே தெருவோரம் உயர்ந்த மதிலும் பெரிய வாயிற்கதவும் மட்டுமே கண்ணில் படும். அங்கும் வராந்தா உண்டு. ஆனால் அது உள்ளே, தோட்டத்தை நோக்கி இருக்கும். (வராந்தா என்னும் சொல்லும் பழையதே. 1498இல் வாஸ்கோடகாமாவுடன் கள்ளிக்கோட்டைக்கு வந்த போர்த்துக்கீசியர் ஒருவரின் பயணக்குறிப்பிலேயே அது இடம்பெற்றுள்ளது.) மேற்கே உள்ள வீடுகளோ தெருவுக்கு முதுகு காட்டுவதில்லை. நாட்டு ஓடு வேய்ந்த தாழ்வாரம் மரத்தூண்களின்மேல் தெருவரை சரிந்து வந்து நிழல் தரும். அது வழிப்போக்கர் எவருக்கும் உரியது. அதையடுத்துச் செங்கல்லால் கட்டிச் சுண்ணாம்புக் காரை பூசிய திண்ணை; அது வீட்டாருக்கும் விருந்தினருக்கும் பொது. அதற்கப்பால் வாசற்கதவு, நடை, முற்றம். தெருவிலிருந்து அடுப்பங்கரை வரை, அந்நியர் உறவினராகும் படிகள் இவை எனலாம்.

சத்திரம் எட்டாத ஊர்களில் இரவு தங்க வந்தோருக்குத் திண்ணையே புகலிடம். தலை சாய்க்க ஏதுவாகத் திண்ணையின் ஓரத்தில் காரையாலேயே திண்டு கட்டி வைத்த வீடுகளும் உண்டு. பகல் வெயிலில் கூடாரத்தின் வாயிலில் அமர்ந்திருந்த ஆபிரகாம், எதிரே நின்ற மூவரைக் கண்டதும் ஓடிச் சென்று வரவேற்ற செய்தியைத் தொடக்கநூலில் வாசிக்கும் தமிழருக்கு, அக்கூடார வாயில் அந்நியமாகத் தோன்றாது.

திண்ணை பள்ளிக்கூடமாகவும் இருந்தது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் ஆணைப்படி 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பு, அம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகக் காட்டியது. அவற்றுள் திண்ணையில் நடந்தவை பல. மணலில் விரலால் எழுதிக் கற்பதும், மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளை இளையோருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அங்கே வழக்கம். 1789 முதல் சென்னையில் ஓர் அனாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் ஆங்கிலிக்கன் குரு, நம்மவர் பள்ளியில் மணலெழுத்தைக் கண்டு தம் இல்லத்தில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்தார். 1797இல் அவர் அது குறித்து இலண்டனில் வெளியிட்ட நூலால் அம்முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

இவ்வளவும் பெருமைதான். எனினும், திண்ணையை விருந்தோம்பலின் சின்னமாக மட்டும் பாடிவிட்டுப் போவது நேர்மையாகாது. யார் திண்ணையில் அமரலாம், யார் கீழே நிற்கவேண்டும், யார் அத்தெருவுக்குள்ளேயே வரக்கூடாது என்பதைச் சாதி வகுத்திருந்தது. அத்திண்ணைப் பள்ளிகளில் பல சமூகத்தாரின் பிள்ளைகளுக்கு இடமில்லை. மூன்றடி உயரமே உள்ள ஒரு மேடை, ஏற முடியாத மலையாயிற்று. லூக்கா நற்செய்தியில் செல்வரின் வாயிலருகே கிடந்த இலாசரைப் பற்றி வாசிக்கிறோம். அச்செல்வர் அவரை விரட்டியதாக நற்செய்தி சொல்லவில்லை. வாயிலுக்கு அப்பால் அவர் கிடந்தார் என்பதே செய்தி.

கோவிலும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. புதுச்சேரியில் சம்பா கோவில் என்று மக்கள் அழைக்கும் ஆலயத்தினுள், இன்று தலித் கிறிஸ்தவர் என்று நாம் குறிப்பிடுவோரைப் பிறரிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் எழுந்து நின்றது. 1745இல் அம்மக்கள் குருவிடம் சென்று, தாங்களும் அவருடைய பிள்ளைகள் அல்லவா என முறையிட்டனர். குரு அச்சுவரை இடிக்கச் செய்தார். சாதிக் கிறிஸ்தவர் கொதித்தெழுந்தனர். இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கிறிஸ்தவரல்லர் என்பது கவனிக்கத்தக்கது. 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அவ்வாலயம் அழிந்தது. 1791இல் மீண்டும் எழுந்தது. சாதிச் சுவரோ ஒரே இடிப்பில் வீழவில்லை. பின்னும் பல ஊர்களில், கல்லறைத் தோட்டங்களில்கூட, அது தலைதூக்கியது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திண்ணைகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. தெருவை அகலப்படுத்தவும் சாக்கடை அமைக்கவும் சில இடிபட்டன. தாரின்மேல் தார் இட்டுச் சாலை உயர உயர, சில தரைமட்டமாயின. வண்டி நிறுத்தவும் கடை வைக்கவும் வீட்டுக்காரரே இடித்தவை இன்னும் மிகுதி. கால்வாய்க்குக் கிழக்கே இருந்த மதில் மேற்கேயும் வந்துவிட்டது. நல்லவேளையாக, 2000க்குப் பின் புதுச்சேரியின் வைசியாள் தெருவில், ஐரோப்பிய ஒன்றிய உதவியோடு வீட்டு முகப்புகள் சீரமைக்கப்பட்டன. சிதைந்த தாழ்வாரங்கள் மறுபடியும் எழுந்தன. 2008இல் அப்பணி யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுரிமை விருது ஒன்றைப் பெற்றது.

நம் வீட்டிலும் ஒரு திண்ணை சேர்க்க எண்ணுவோருக்கு ஒன்று சொல்லலாம். தெரு பொதுச்சொத்து; அதில் கைவைக்க இயலாது. எனவே மதிலை இரண்டரை அல்லது மூன்றடி உள்வாங்கி, நம் மனையிலேயே மதிலுக்கு வெளியே திண்ணை கட்டவேண்டும். செங்கல்லும் சிவப்புப் பூச்சும் போதும். மேலே ஓட்டுச் சார்ப்பு திண்ணைக்கு அப்பாலும் ஓரடி நீண்டிருந்தால், அமர்ந்திருப்பவர்மேல் மழைநீர் சொட்டாது. அந்த மூன்றடி நிலத்தை விட்டுக்கொடுக்கும் மனம்தான் பொறியாளரின் கணக்கில் வராதது. சாலை இன்னும் உயரும். ஆகவே தரையிலிருந்து ஓரடி கூடுதலாகவே எழுப்பி, முதியோரும் ஏறுமாறு ஒரு படியும் வைத்துவிடுவது நல்லது.