விற்போர் பயின்ற களம்: இந்தியக் கணிப்பொறிப் பணித்தொழிலின் வணிகத் தலைவர்கள்

இந்தியாவில் கணிப்பொறிப் பணித்தொழில் தோன்றி வளர்ந்த வரலாற்றை எழுதினோர் பெரும்பாலும் அதனைப் பொறியியல் வல்லுநரின் வரலாறாகவே எழுதிச் சென்றனர். நிரல்களை ஆக்கியோர் யாவர், எக்கல்லூரியில் கற்றனர், எவ்வாறு அயல்நாடு சென்றனர் என்பன போன்ற செய்திகள் விரிவாகவே கிடைக்கின்றன. அப்பணியை அமெரிக்க வங்கிகளுக்கும் ஐரோப்பியக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் விற்றவர் யாவர், அவர் அதற்கு முன் என்ன தொழில் செய்தனர், விற்கும் கலையை எங்குப் பயின்றனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்பட்டன. இக்குறை நம் ஆராய்ச்சிக்குப் புதியதன்று. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் முதலாய வணிகக் குழுவினர் கோயில்களுக்கு அளித்த கொடைகளைக் கல்வெட்டுகள் எடுத்துரைக்கின்றன. அவ்வணிகர் தம் தொழிலை யாரிடம் கற்றனர் என்பதை அறிய அவை துணைசெய்வதில்லை. பழங்காலத்துக்குச் சான்று இல்லை என்று அமைதி கூறலாம். 1968-க்குப் பின் எழுந்த ஒரு தொழிலுக்கு அவ்வமைதி பொருந்தாது. தலைவர்களின் வாழ்க்கைக் குறிப்புகள் அச்சில் உள்ளன; சிலர் தம் வரலாற்றைத் தாமே நூலாக எழுதியும் உள்ளனர்.

பணியை விற்றல் பண்டத்தை விற்றலினும் அரிது. துணியைத் தொட்டுப் பார்க்கலாம். எண்ணெயை முகந்து பார்க்கலாம். இனிச் செய்யப்போகும் பணியை எவ்வாறு காட்டுவது? வாங்குவோன் பத்தாயிரம் கல்லுக்கு அப்பால் இருப்பானாயின் இடர் பன்மடங்காகிறது. ஆதலின் இத்தொழிலில் விற்றல் என்பது நம்பிக்கையை உண்டாக்குதலேயாம். அந்நம்பிக்கையைத் தோற்றுவித்தது பொறியியற் பட்டமே என்பது பலரும் கொண்ட கருத்து. தலைவர்களின் முற்பணிகளை வரிசைப்படுத்தி நோக்குமிடத்து அக்கருத்து முழுதும் பொருந்தாமை புலனாகிறது. 1976 முதல் 1991 வரை, காப்புடைய உள்நாட்டுச் சந்தையில், கணிப்பொறி என்னும் கருவியை அலுவலகந்தோறும் சென்று விற்ற பயிற்சியே பிற்காலத்து மென்பொருள் வணிகத்தின் பெரிய பயில்களமாக விளங்கிற்று என்பதே ஈண்டு நிறுவக் கருதுவது. இதற்குப் புறம்பான மரபு ஒன்றும் உண்டு. காலத்தால் முற்பட்டது ஆகலின் அதனை முதற்கண் கூறுதல் முறையாகும்.

டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் 1968-இல் டாட்டா சன்ஸ் நிறுவனத்தின் ஒரு பிரிவாகப் பம்பாயில் தோன்றிற்று. அடுத்த ஆண்டு அதன் பொது மேலாளராக அமர்ந்த எஃப். சி. கோலி (1924–2020) பெசாவரில் பிறந்தவர். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்திலும் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலும் மின்பொறியியல் கற்றவர். 1951 முதல் டாட்டா மின் நிறுவனங்களில் பணிபுரிந்தவர். மின்னாற்றலைப் பகிர்ந்தளிக்கும் கட்டுப்பாட்டு முறையை வகுத்தது அவர்தம் முற்பணிகளுட் சிறந்தது. விற்பனை அவர் பயின்ற தொழில் அன்று. 1970-களில் அந்நிறுவனம் அமெரிக்காவின் பரோஸ் நிறுவனத்தோடு உறவு கொண்டு, அதன் பொறிகளுக்குரிய மென்பொருட் பணிகளைச் செய்யத் தொடங்கிற்று. அக்காலத்தில் கணிப்பொறியை இறக்குமதி செய்ய அரசின் இசைவு வேண்டும். அதற்கு ஈடாக ஏற்றுமதி செய்து செலாவணி ஈட்டிக் காட்டும் கடப்பாடும் உடன் வந்தது. எனவே இவ்வணிகம் வேட்கையால் மட்டுமன்றிக் கடப்பாட்டாலும் பிறந்தது எனல் வேண்டும்.

1972-இல் பொறியாளராகச் சேர்ந்த எஸ். ராமதுரை, 1979-இல் நியூயார்க்கு நகரில் அலுவலகம் அமைக்க அனுப்பப்பெற்றார். அவரும் இயற்பியலும் மின்னணுவியலும் கற்றவரே. பின்னர் 1996 முதல் 2009 வரை நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். தம் பட்டறிவை 2011-இல் நூலாகவும் வெளியிட்டார். இம்மரபில் செய்பவரும் விற்பவரும் ஒருவரே. வாங்குவோன் ஐயம் எழுப்பினால் பணியின் நுட்பத்தைக் கொண்டே அதனைத் தீர்த்தனர். செய்ததை விளக்குவதில் இவர்க்கு நிகர் இல்லை. இன்னும் செய்யாத ஒன்றின்மேல் வாங்குவோனுக்கு விருப்பம் உண்டாக்குதல் வேறொரு கலை. அதனைப் பயின்றோர் வேறிடத்திலிருந்து வந்தனர்.

அவ்விடம் ஒரு துணி ஆலை என்பது வியப்பளிக்கலாம். டெல்லி கிளாத் மில்ஸ் என்னும் டி.சி.எம். நிறுவனம் 1970-களின் முற்பகுதியில் மின்னணுக் கணக்கிடு கருவிகளைச் செய்து விற்றது. அங்குப் பணியாற்றியவருள் ஒருவர் சிவ நாடார். 1945-இல் திருச்செந்தூர்ப் பகுதியைச் சார்ந்த மூலைப்பொழியில் பிறந்த அவர், கோயம்புத்தூர் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியில் கற்று, புனேயில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் சில காலம் இருந்து, டெல்லி சென்றவர். அவரும் அர்ஜுன் மல்ஹோத்ரா முதலிய தோழரும் டி.சி.எம்.-ஐ விட்டு நீங்கி, மைக்ரோகாம்ப் என்னும் பெயரில் கணக்கிடு கருவிகளை விற்றனர். அதன்பின் 1976-இல் உத்தரப் பிரதேச அரசின் பங்கேற்போடு ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட் எழுந்தது, எச்.சி.எல். என்பது அதன் சுருக்கம். இங்கு நிகழ்ச்சிகளின் முறைவைப்பு கருதத்தக்கது. இவர் கணிப்பொறியை ஆக்கிய பின்னர் விற்கக் கற்றவரல்லர். விற்கக் கற்ற பின்னரே கணிப்பொறியை ஆக்கப் புகுந்தனர்.

1978-இல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு நீங்கிற்று. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உள்நாட்டாருக்குப் பெரும்பங்கு விட அது உடன்படவில்லை. அது விட்டுச்சென்ற பொறிகளைப் பேணும் பொறுப்பு அரசு நிறுவனமாகிய சி.எம்.சி.க்குச் சென்றது, புதுப் பொறிகளை விற்கும் வாய்ப்போ உள்நாட்டு நிறுவனங்களுக்குத் திறந்தது. ஆயினும் அவ்விற்பனை எளிதாக இருந்ததென எண்ணலாகாது. பெயரறியா நிறுவனம், விலைமிக்க பொறி, அதனைக் கண்டிராத வாங்குவோர். வங்கிகளில் இன்னுமோர் இடர் இருந்தது. கணிப்பொறி வேலையைப் பறிக்கும் என்று ஊழியர் சங்கங்கள் அஞ்சின. 1983-இல் உடன்படிக்கை ஏற்பட்டு, சி. ரங்கராஜன் தலைமையிலான குழுவின் அறிக்கையும் வெளிவந்த பின்னர், ஆற்றல் வரையறுக்கப்பெற்ற பொறிகள் கிளைகளுக்குட் புகுந்தன. அவை கணிப்பொறி என்று அழைக்கப்படாமல் பேரேட்டுப் பதிவுப் பொறி என்றே அழைக்கப்பட்டன. இலக்கணம் பயின்றார்க்கு இடக்கரடக்கல் நினைவுக்கு வரக்கூடும். வாங்குவோன் அச்சத்தை அறிந்து அதற்கேற்பச் சொல்லைத் தேர்தல் எந்தப் பொறியியற் பாடத்திலும் இல்லாத பயிற்சி.

இப்பள்ளியில் பயின்று வெளியேறியோர் பலர். எச்.சி.எல்.-இல் இருந்த ராஜேந்திர பவார், விஜய் தடானி ஆகிய இருவரும் 1981-இல் என்.ஐ.ஐ.டி. பயிற்சி நிறுவனத்தைத் தொடங்கினர். 1985-இல் சேர்ந்த வினீத் நாயர் 2007-இல் எச்.சி.எல். டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலரானார். சுப்ரதோ பாக்சியின் வாழ்க்கை இன்னும் தெளிவான சான்று. அரசியல் அறிவியல் கற்ற அவர் 1976-இல் ஒரிசா அரசின் தொழில்துறையில் எழுத்தராகத் தொடங்கி, டி.சி.எம்.-இல் பயிற்சி பெற்று, 1981-இல் கணிப்பொறி விற்பனைக்கு வந்தார். பின்னர் விப்ரோவில் உயர்ந்து, 1999-இல் மைண்ட்ட்ரீ நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரானார். விற்றலைப் பற்றித் தனி நூலே அவர் எழுதியுள்ளார். பொறியியற் பட்டம் இன்றியும் இத்துறையின் தலைமையை எய்தலாம் என்பதற்கு இவரினும் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

விப்ரோவின் வரலாறு இதனை மற்றொரு வழியாற் காட்டுகிறது. 1945-இல் மகாராட்டிரத்து அமல்னேரில் தாவர எண்ணெய் ஆலையாகத் தொடங்கிய அந்நிறுவனத்தின் பொறுப்பை, 1966-இல் தந்தை இறக்கவே, தம் 21-ஆம் வயதில் அசிம் பிரேம்ஜி ஏற்றார். எண்ணெயும் சோப்பும் விற்ற கைகளே 1980-களில் கணிப்பொறியும் விற்றன. 1984-இல் அக்கணிப்பொறிப் பிரிவுக்குத் தலைமையேற்க வந்த அசோக் சூட்டா, ரூர்க்கியில் பொறியியல் கற்றவராயினும், அதற்கு முன் குளிர்பதனக் கருவித் தொழிலில் ஸ்ரீராம் ரெஃப்ரிஜரேஷன் நிறுவனத்தை நடத்தியவர். மைண்ட்ட்ரீ தோன்றியபோது பாக்சியோடு நின்றவரும் இவரே. 1991-க்குப் பின் இறக்குமதித் தடைகள் தளர்ந்து அயல்நாட்டுப் பொறிகள் வந்து குவிய, வன்பொருள் விற்பனையின் ஊதியம் குறைந்தது. அத்தொழிலிற் பழகியோர் மென்பொருட் பணியின் பக்கம் திரும்பினர். பண்டம் மாறிற்று, வாங்குவோன் வாயிலில் காத்திருக்கும் பொறுமை மாறவில்லை.

இன்ஃபோசிஸ் இவ்விரு மரபுகளுக்கும் இடைப்பட்டது. 1981-இல் அதனை நிறுவிய எழுவர்க்கும் பட்னி கம்ப்யூட்டர் சிஸ்டம்ஸ் நிறுவனமே பொதுப் பயிற்சிக்களமாக இருந்தது. என். ஆர். நாராயண மூர்த்தி அங்கு மென்பொருட் குழுவுக்குத் தலைவர். விற்பனையிற் பின்னர்ப் பெரும்பங்கு கொண்ட நந்தன் நீலேகணி பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து நேரே அங்கு வந்தவர். முதற் பத்தாண்டும் நிறுவியோரே விற்றனர். 1992-இல் சேர்ந்த பணீஷ் மூர்த்தி வேறு வகையினர்: சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும் அகமதாபாது மேலாண்மைக் கழகத்திலும் கற்று, சோனாட்டா நிறுவனத்தில் மென்பொருள் விற்றுப் பழகியவர். பத்தாண்டுக்காலம் அவர் அயல்நாட்டு விற்பனையை நடத்தினார். நிறுவியவர் அல்லாத ஒருவர் விற்றலையே தொழிலாகக் கொண்டு முதன்மை எய்தும் நிலை இத்துறையில் அப்போதுதான் உறுதிப்பட்டது எனலாம்.

இவருட் பெரும்பாலோர் பொறியியற் பட்டம் பெற்றவரே. ஆதலின் பட்டமே காரணம் என்று சிலர் மறுக்கக்கூடும். பட்டம் இத்துறையின் வாயிலைத் திறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பட்டத்தைப் பெற்ற பல்லாயிரவர் விற்பனையின் பக்கம் வரவில்லை. வந்து தலைமை எய்தியோரைப் பிரித்துக் காட்டுவது பட்டத்துக்குப் பின் அவர் கழித்த முதற் பத்தாண்டாகும். கல்லூரியை மட்டும் கணக்கிடும் ஆராய்ச்சி இவ்வேறுபாட்டைக் காணாது போகிறது.

1990-களில் மூன்றாவது வாயில் ஒன்று திறந்தது. அதுகாறும் வாங்குவோர் பக்கத்தில் இருந்தவர் விற்போர் பக்கம் வந்தனர். 1994-இல் டன் அண்டு பிராட்ஸ்ட்ரீட், சத்யம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியாகச் சென்னையில் எழுந்து, காக்னிசன்ட் என்னும் பெயர் பெற்ற நிறுவனம் இதற்கு நல்ல சான்று. அதனைத் தொடங்கி நடத்திய குமார் மகாதேவா இலங்கையில் பிறந்து, கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும் கற்று, மெக்கின்சி என்னும் ஆலோசனை நிறுவனத்திலும் ஏ.டி.&டி.யிலும் பணிபுரிந்தவர். அவருக்குப்பின் 2003-இல் தலைமையேற்ற லட்சுமி நாராயணன் டாட்டா கன்சல்டன்சியில் நெடுங்காலம் பயின்றவர். ஆகவே வாங்குவோரின் மொழியும் கோலி மரபின் பணியறிவும் அந்நிறுவனத்தில் அடுத்தடுத்து அமைந்தன. விப்ரோவிற்கு 1999-இல் துணைத்தலைவராக வந்த விவேக் பால் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்திலிருந்து வந்தவர். அந்நிறுவனம் இந்திய மென்பொருட் பணியை மிகுதியாக வாங்கியோருள் ஒன்று என்பதை நினைவிற் கொண்டால் அத்தேர்வின் பொருள் விளங்கும். வாங்குவோன் எதனை அஞ்சுவான், எதற்கு உடன்படுவான் என்பதைத் தானே வாங்கியிருந்தவன் அன்றோ அறிவான்!

தனி நிறுவனங்களை விடுத்து நாட்டின் பெயரையே விற்றவர் ஒருவரையும் ஈண்டுக் குறித்தல் தகும். 1988-இல் தோன்றிய நாஸ்காம் சங்கத்தின் பொறுப்பை 1991 முதல் வகித்த தேவாங் மேத்தா பயிற்சியால் பட்டயக் கணக்கர். அரசினரிடமும் அயல்நாட்டாரிடமும் ஓயாது பேசிய அவர் 2001-இல் சிட்னி நகரில், நாற்பது வயது நிரம்புமுன், மறைந்தார்.

பெண்டிர் இப்பட்டியலில் மிகச் சிலரே. நிறுவியோருள் அவர் பெயர் காண்டல் அரிது. விற்பனையிற் புகவும் தடைகள் இருந்தன. டெல்லியில் மேலாண்மை கற்ற நீலம் தவான், 1980-களின் தொடக்கத்தில், பெண்களை விற்பனைக்கு எடுப்பதில்லை என்னும் வழக்கத்தால் நுகர்பொருள் நிறுவனங்களில் இடம் பெறவில்லை, எச்.சி.எல். அவரை ஏற்றது. பிற்காலத்தில் மைக்ரோசாஃப்ட், ஹியூலெட் பேக்கார்டு ஆகியவற்றின் இந்தியப் பிரிவுகளுக்குத் தலைமை பூண்டவர் அவர். பழைய தொழில்களின் வழக்கம் இறுகாத புதுத்துறை என்பதும் இப்பயில்களத்தின் ஓர் இயல்பு.

சிவ நாடார் கற்ற கல்லூரியிலேயே, எச்.சி.எல். டெக்னாலஜீசுக்கு 2016-இல் தலைவரான சி. விஜயகுமாரும் கற்றார். மோகனூரில் தமிழ்வழிப் பள்ளியிற் பயின்ற ந. சந்திரசேகரன், கோயம்புத்தூர்த் தொழில்நுட்பக் கல்லூரியிலும் திருச்சிராப்பள்ளி மண்டலப் பொறியியற் கல்லூரியிலும் கற்று, 1987-இல் டாட்டா கன்சல்டன்சியிற் சேர்ந்து, 2009-இல் அதன் தலைமையையும் 2017-இல் டாட்டா சன்சின் தலைமையையும் எய்தினார். இவை கொண்டு தமிழர்க்கே உரிய திறம் என்று முழங்குவார் உளர். அது ஆராய்ச்சியாகாது. பஞ்சாபியரும் குசராத்தியரும் கன்னடியரும் ஒடியரும் இவ்வரலாற்றில் அத்துணையே இடம் பெறுகின்றனர். ஆராய வேண்டுவது கோவையின் நூற்பாலைகளையும் எக்கி ஆலைகளையும் சூழ்ந்து எழுந்த தொழிற்கல்லூரிகள் இயந்திரம் விற்கும் ஊரின் பழக்கவழக்கங்களை மாணவர்க்கு எவ்வளவு கொண்டு சேர்த்தன என்பதே. அதற்கு அக்கல்லூரிகளின் ஆவணங்களை நாட வேண்டும். முதுகலை மாணவர் எவரேனும் இதனை மேற்கொள்வாராக.

2023-இல் டாட்டா கன்சல்டன்சிக்குத் தலைவரான கே. கிருத்திவாசன் 1989-இலும், 2024-இல் விப்ரோவிற்குத் தலைவரான ஸ்ரீனிவாஸ் பல்லியா 1992-இலும், மேற்குறித்த விஜயகுமார் 1994-இலும் அவ்வந்நிறுவனங்களிற் சேர்ந்தவர்கள். பெயரறியா நிறுவனத்தின் பொறியைச் சுமந்து, கதவு தோறும் சென்று நின்ற காலம் இவர்கள் வந்தபோது முடிவெய்திக்கொண்டிருந்தது. இவர்களின் பயில்களம் வேறு: ஏற்கெனவே வாடிக்கையாளராகிவிட்ட ஒரு பெருவங்கியின் பணியை ஆண்டாண்டாக விரிவுபடுத்தி, அதன் அலுவலரோடு உடனிருந்து, ஓர் ஒப்பந்தம் முடியுமுன் அடுத்ததைப் பெறுதல். செய்பவரும் விற்பவரும் ஒருவராகிய கோலியின் மரபு, அளவிற் பன்மடங்கு பெருகி, மீண்டும் மேலோங்கியதாகவே இதனைக் கொள்ளத் தோன்றுகிறது.