பியர் வடிக்கும் பப் (பிரிட்டன்)

பியர் வடிக்கும் பப் என்பது, விற்கும் பியரைத் தன் கட்டடத்திலேயோ அதை ஒட்டிய கொட்டகையிலேயோ தயாரிக்கும் பிரிட்டிஷ் மதுவிடுதி. மரபாக வடிக்கப்படுவது ஏல் வகை: முளைகட்டிய பார்லியை வெந்நீரில் ஊறவைத்து, இறுத்த சாற்றை ஹாப் பூவுடன் கொதிக்கவிட்டு, ஆறியபின் ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பர், பீப்பாயிலும் நொதித்தல் தொடரும். இடைக்காலத்தில் ஏல் வடித்தல் பெரும்பாலும் பெண்கள் வீட்டில் செய்த தொழில்.

இம்மரபு நலிந்ததற்குச் சுவையைவிட முதலீடே காரணம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும் ஆலைகள் பப்களை வாங்கிக் குவித்து, தம் சரக்கை மட்டுமே விற்கச் செய்தன. 1970களின் தொடக்கத்தில் எஞ்சியவை நான்கே: ஹெல்ஸ்டனின் புளூ ஆங்கர், பிஷப்ஸ் காசிலின் த்ரீ டன்ஸ், மேட்லியின் ஆல் நேஷன்ஸ், நெதர்ட்டனின் ஓல்ட் ஸ்வான். சிறு வடிப்பின் தரம் நிலையற்றது, ஆகவே குடிப்போரே அதைக் கைவிட்டனர் என்பர். தரம் ஏறியிறங்கியது மெய்தான்; ஆனால் ஆலைக்குச் சொந்தமான பப்பில் எதை விற்பது என்று முடிவு செய்தவர் குடிப்பவர் அல்லர். 1971இல் தோன்றிய காம்ரா இயக்கம் மரபு ஏலுக்காகக் குரல் கொடுத்தது. 1979இல் டேவிட் புரூஸ் லண்டனின் சதக் பகுதியில் தொடங்கிய கூஸ் அண்டு ஃபிர்கின் என்ற பியர் வடிக்கும் பப் விரைவிலேயே பல கிளைகளாகப் பெருகியது; விருப்பம் அற்றுப்போயிருந்தால் இது நடந்திராது. 2002இல் சிறு வடிப்பாலைகளுக்கு அளித்த வரிச்சலுகையும் இவ்வகைப் பப்களுக்குக் கைகொடுத்தது.