கண்டிச் சாலையின் எலும்புகள்

கண்டியிலே, தலதா மாளிகைக்கு அருகேயுள்ள மேட்டுச் சரிவில், ஆங்கிலப் படையினரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கைக்கு வழி வகுத்த சேர் ஜோன் டொயிலி 1824இல் காய்ச்சல் கண்டு இறந்து அங்கேதான் உறங்குகிறார். இளமையிலே நோய்க்கு இரையான ஆங்கிலேயர் பலரும் அவரைச் சூழக் கிடக்கின்றனர். பெயர், வயது, இறந்த நாள் எல்லாம் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. மாண்டவர்மீது நமக்குப் பகையில்லை. சாவு எல்லார்க்கும் பொது. கல்தான் பொதுவாக இருக்கவில்லை.

கொழும்பு-கண்டிச் சாலையை வகுத்த பொறியியலாளர் கப்டன் டோசன் 1829இல் இறந்தார். அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் எழுந்த கோபுரம் இன்றும் நிற்கிறது. பாறையைப் பிளந்து அச்சாலையைச் சமைத்தவர்களுள் பெரும்பாலோர், 1832வரை நிலவிய இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் இழுத்துவரப்பட்ட சிங்களக் குடியானவர்கள். பின்னர் கோப்பி வந்தது. அதனோடு தமிழகத்தின் பஞ்சைகளும் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் காட்டுவழி நடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் உடன் நடந்தன. வழியிலே விழுந்தவர்களுக்கு வழியே சுடுகாடாயிற்று. 1840களில் எழுபதாயிரம் பேர் மடிந்தனர் என்று 1849இல் கொழும்புப் பத்திரிகை ஒன்று மதிப்பிட்டது. அத்தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர் இன்றும் வழக்காடுகின்றனர். வழக்காட முடிகிறது என்பதே கொடுமை. கோப்பி மூட்டைகளை எண்ணி எழுதியவர்கள் பிணங்களை எண்ணி எழுதவில்லை.

ஏடு இல்லாத இடத்தில் எலும்பே ஏடு. கண்டிக்கு அருகே பேராதனையில் 1962இல் தொடங்கிய மருத்துவ பீடத்தின் மாணவர் முதலிற் கற்கும் பாடங்களுள் இதுவும் ஒன்று: வளர்ந்த மனிதனுக்கு 206 எலும்புகள், அவை உயிரோடிருக்கும்வரை வெறும் கம்புகளல்ல. எடையிலே ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கல்சியம் பொசுபேற்று முதலிய உப்புகள். எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். உப்பு இறுக்கம் தருகிறது. நார் முறியாமல் தாங்குகிறது. எலும்பை அமிலத்தில் ஊறவைத்தால் உப்புக் கரைந்து நாராய் வளையும். நெருப்பிலிட்டால் நார் எரிந்து நொறுங்கும். தொடையெலும்பின் தண்டு குழல். அதன் தலைப்பகுதியோ கடற்பஞ்சு போன்ற வலை. அவ்வலையின் இழைகள் உடற்சுமை இறங்கும் திசைகளிலேயே ஓடுகின்றன. மூளையையும் நெஞ்சையும் காக்கும் கவசமும் எலும்பே. குருதியைப் பிறப்பிக்கும் மச்சை ஊறுவதும் அதனுள்ளேதான்.

எலும்பு ஓயாமற் கரைந்து, ஓயாமற் புதிதாகிறது. சுமை மிகுந்த இடத்தில் தடிக்கிறது. சுமை குறைந்த இடத்தில் மெலிகிறது. இவ்விதியை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892இல் நூலாக்கினார். ஆகவே, உழைப்பு எலும்பில் எழுதப்படுகிறது. இளமையிற் சுமந்த பாரம் முள்ளந்தண்டின் கட்டைகளிலே குழியாகப் பதியலாம். பிள்ளைப் பருவத்துப் பட்டினி, வளர்ச்சி நின்று தொடர்ந்த கோடாக நிற்கலாம். குருதிச்சோகை கண்குழியின் கூரையைத் துளைத்திருக்கலாம். கங்காணியின் கணக்கேட்டில் இல்லாத செய்திகள் இவை.

ஆனால் ஏட்டைப் போலவே எலும்பையும் படிப்பவர் வேண்டும். படிக்கவிடும் மனமும் வேண்டும். அக்காட்டுவழி முடிந்த அதே மாத்தளையில், 2012 நவம்பரில், வைத்தியசாலை வளவில் மண் வெட்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. 150க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவை 1986க்கும் 1990க்கும் இடைப்பட்டவை என்றார் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ. அக்காலக் கிளர்ச்சியிலும் அடக்குமுறையிலும் காணாமற்போன சிங்கள இளைஞர்களின் உறவினர் நீதி கேட்டு வந்தனர். அமெரிக்க ஆய்வகம் ஒன்றின் கதிர்க்கரி அளவையோ அவை 1950க்கு முற்பட்டவை என்றது. 1950களிலும் அறுபதுகளிலும் வல்லரசுகள் வெடித்த அணுகுண்டுகள் காற்றிலே கதிர்க்கரியைப் பெருக்கின. அக்காற்றில் விளைந்ததை உண்டு வளர்ந்தவரின் எலும்பில் அதன் சுவடு இருக்கும் என்பதே அச்சோதனையின் அடிப்படை. இரு முடிவுகளுக்கும் இடையே தாய்மாரின் கேள்வி நின்றுவிட்டது.

இங்கே நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. 1986ஆம் ஆண்டினராயினும் 1946ஆம் ஆண்டினராயினும், 150க்கு மேற்பட்டோர் பெயரின்றி ஒரே குழியில் கிடந்தனர் என்பது எந்தச் சோதனையாலும் மாறாது. சாலை வெட்டிய சிங்களக் குடியானவன், காட்டுவழியில் விழுந்த தமிழ்க் கூலி, மாத்தளைக் குழியில் கிடந்த மனிதன் ஆகிய மூவரின் எலும்பையும் அருகருகே வைத்தால், எது எந்த மொழி பேசியது என்று எந்த அறிஞனாலும் கூற இயலாது. எது பாரம் சுமந்தது, எது பட்டினி கிடந்தது என்று கூற இயலும்.

ஆகவே, இனி இம்மலைநாட்டில் வீதிக்கோ கட்டடத்துக்கோ மண் வெட்டுகையில் எலும்பு கிடைத்தால், அதை அள்ளி அப்புறப்படுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும். சட்டத்தின் கண்முன்னே, உறவினர் அறிய, அது ஆராயப்பட வேண்டும். டோசனின் கோபுரத்தை இடிக்கச் சொல்பவரல்லர் நாம். அதன் அடியிலே இன்னொரு கல் வேண்டும் என்கிறோம்.